இரண்டு வெள்ளை

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம்
ஒரே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன்:
"இதுவா, இப்போ போடறதா, எது தெளிவா இருக்கு?"
வில்லையை மாற்றுவேன். மறுபடி கேட்பேன்.
பதில் எனக்குத் தெரியாது.
தெரிந்த மாதிரி முகம் வைத்துக்கொள்ளக் கூடாது
என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம்.

ஆரணி ரோட்டுக் கண்ணாஸ்பத்திரி. ஏழாம் நம்பர் இருட்டறை.
வெளியே வேலூர் வெயில்,
கோட்டைக் கல்லில் கை வைத்தால் தோல் உரியும் மே மாதம்.

கலீமுல்லா வந்தார், பேரணாம்பட்டிலிருந்து.
கூடவே தோல் ஷாப் வாடையும் வந்தது.
அவருக்கு அது தெரியவில்லை.
கால் மணி நேரத்தில் எனக்கும் தெரியாமல் போனது.

நிறம் பார்ப்பது அவர் வேலை.
சாயம் ஏறிய தோலை ஜன்னலோரம் பிடித்து
வாங்குகிறவன் அனுப்பிய துண்டோடு ஒட்டிப் பார்த்து
சரி என்பார், அல்லது தப்பு என்பார்.
முப்பத்தோரு வருடம் அவர் சொன்னதே நிறம்.

வலது கண்ணில் புரை எடுத்து ஒன்பதாம் நாள்.
ஒரு கண்ணைப் பொத்தித் தன் ஜிப்பாவைப் பார்த்தார்.
கையை மாற்றி மறு கண்ணைப் பொத்தினார்.
"அம்மா, இந்தக் கண்ணுக்கு நீலம் போட்ட வெள்ளை.
இந்தக் கண்ணுக்கு டீ கொட்டின வெள்ளை.
ஜிப்பா என்ன நிறம்?"

எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்.
இடது கண்ணில் புரை பழுப்பேறியிருக்கிறது,
வலது கண்ணில் இருப்பது புது வில்லை,
அது காட்டுவதுதான் நிஜம்.

"நிஜம்னு எந்தக் கண்ணால பார்த்தீங்க?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.
என் கண்ணுக்கும் வயது நாற்பத்தாறு.

பிறகு, நான் கேட்காமலே:
"போன வருஷம் ஏதென்ஸுக்குப் போன சரக்கு திரும்பி வந்துச்சு.
செருப்பு வாருக்கான தோல். தேன் நிறம் கேட்டிருந்தான்.
தேன்தான்னு கையெழுத்துப் போட்டேன்.
இல்லண்ணே, மஞ்சள் தூக்கலா இருக்குன்னான் எத்திராஜ், டிரம்ல நிக்கறவன்.
உனக்கு என்னடா தெரியும்னேன்.
திரும்பி வந்ததும் அவன் கூலியிலதான் பிடிச்சாங்க.
எட்டு நாள்."

விசிறி சுற்றும் சத்தம்.

அந்த ஊரில்தான், எங்கோ படித்தது,
செருப்பே போடாத ஒருவன் கடைத்தெருவில் திரிந்தானாம்.
தோல் தைப்பவனை நிறுத்துவான், தளபதியை நிறுத்துவான்,
தெரியும் என்கிறாயே, என்ன தெரியும் என்பான்.
இதுவா? சரி, அப்படியானால் அதுவா?
தான் மட்டும் பதில் சொல்ல மாட்டான்.
பொறுக்க முடியாமல் விஷம் கொடுத்தார்கள்.
எனக்கு ஆஸ்பத்திரி மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறது.
என் கேள்வி எழுத்துப் பலகையோடு நின்றுவிடுவதால் இருக்கலாம்.

எத்திராஜுக்குக் கூலியைத் திருப்பிக் கொடுத்தீர்களா
என்று நாக்கு நுனிவரை வந்தது.
வில்லையை மாற்றினேன். "இதுவா, அதுவா?"

இடது கண்ணுக்கு நாள் குறிக்கப் பேனாவை எடுத்தபோது தடுத்தார்.
"ஒரு மாசம் போகட்டும்."
"ஏன் பாய்? அதுவும் முத்திடுச்சே."
"ரெண்டும் புதுசாயிட்டா மறுபடி ஒரே வெள்ளைதான் இருக்கும்.
நம்பிடுவேன்."

கார்டில் 'நோயாளி ஒத்திவைத்தார்' என்று எழுதினேன்.
காரணத்துக்கு அதில் கட்டம் இல்லை.

சாயங்காலம் காட்பாடி பஸ். பாலாற்றுப் பாலம்.
தண்ணி இல்லாத ஆறு என்று ஊரே சொல்கிற ஆறு.
கீழே ஒருத்தி முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டி
சொம்பால் எதையோ மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன்.
மற்றதைப் பொத்துவதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

"கண்ணுல தூசியா?" என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.

"தெரியல" என்றேன்.