பர்தாங் ஆற்றுக்கு இரண்டு பேச்சு

கதவின் உட்புறம் கிரீஸ் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
மார்ச், ரேடியேட்டர்.
ஏப்ரல், கிளட்ச் கம்பி. மறுபடியும் கிளட்ச் கம்பி.
மே மாதம் ஒன்றுமில்லை. மே மாதம் பாதையே இல்லை.
ஜூன், பின் வில்லில் மூன்றாவது பட்டை.
அந்த இடத்தில் இப்போது ஓர் ஏப்ரிகாட் கட்டை
கம்பி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
இரும்பைவிடக் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான்.

ருஷானில் என் வண்டியை ரொட்டி என்பார்கள்.
எண்பத்தொன்பதில் சுட்டெடுத்த ரஷ்ய ரொட்டி.
நான்கு சக்கரமும் இழுக்கும்,
இழுக்கிற மனநிலையில் இருந்தால்.

கால்நடை டாக்டர் கிம்மத்ஷோ இரவு மூன்று மணிக்கே வந்துவிட்டார்.
மடியில் ஐஸ்பெட்டி, உள்ளே எண்ணூறு ஆடுகளுக்குத் தடுப்பூசி.
"சவ்சன், போய்ச் சேருமா?"
சேரும் என்றேன்.
எப்போது என்று அவர் கேட்கவில்லை.

ஆறு காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு.
வெயில் பனிமலையைத் தொடுமுன் முழங்கால்.
தொட்டபின் கழுத்து.
ஏழு மணிக்குப் பெட்ரோல் பம்ப் சூடேறி மூச்சடைத்தது.
டாக்டரின் துண்டை நனைத்து அதன்மேல் போட்டேன்.
ஒன்பதுக்குப் பாறைச்சரிவு.
இறங்கி முன்சக்கர ஹப்புகளைத் திருகிப் பூட்டி,
சின்ன லிவரைத் தள்ளி, முதல் கியரில்,
ஒரு பின்சக்கரம் காற்றில் சும்மா சுழல
அதன் ஜோடி அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க
முன்னச்சு மட்டும் நகத்தால் பிராண்டி ஏறியது.
ஒரு ஆள் கழுதையோடு எங்களை முந்திப் போனான்.
நலம் விசாரித்துவிட்டுத்தான் போனான்.

பதினொன்றரைக்குக் கிளட்ச் கம்பி.
எழுதினேன்.

துறைக்கு வந்தபோது மாலை நான்கு.
தண்ணீர் சிமெண்ட் நிறம்.
அடியில் கற்கள் உருளும் சத்தம்,
மாடி வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துவதுபோல.
அக்கரையில் ஒரு வெள்ளை வண்டி.
ஜப்பானியது, கூரை வரை மூக்குக் குழாய்,
டயரில் இன்னும் உதிராத ரப்பர் மயிர்.
டிரைவர் நசார்குதோ ஏதோ கத்தினான், ஆறு தின்றுவிட்டது.
கையால் கேட்டேன்: வருகிறாயா?
கையால் கேட்டான்: நீ?

மூன்று கல் எறிந்தேன்.
மூன்றாவது விழுந்த சத்தமே இல்லை.
எஞ்சினை அணைத்தேன்.

பத்து ஆண்டில் இந்த வண்டி என்னை
நூறு முறை நிறுத்தியிருக்கிறது.
நான் இதை நிறுத்தியது நாலோ ஐந்தோ.
பயணிகள் நூறைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள்.

நிழலில் மிச்சமிருந்த பனிச்சரிவைத் தோண்டி
ஐஸ்பெட்டியைப் புதைத்தோம். டாக்டர் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.
இருட்டியதும் அக்கரை விளக்கு இரண்டு கண்ணையும் ஒருமுறை சிமிட்டியது.
நானும் சிமிட்டினேன், என்னிடம் இருப்பது ஒரு கண்.

மூன்றரை மணி. ஆறு இறங்கி, குரல் தாழ்த்திப் பேசியது.
காற்றாடிப் பட்டையைக் கழற்றினேன்,
டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாவுப்பை மாட்டினேன்,
ரேடியேட்டர் முன்னால் தார்ப்பாய்.
இரும்புத் தண்டைச் செருகிச் சுழற்றினேன். இல்லை.
இன்னொரு முறை. இல்லை.
அக்கரையில் அவன் சாவியைத் தொட்டான், கிளம்பிவிட்டது.
பொறாமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.
ஐந்தாவது சுழற்றில் ரொட்டி இருமியது.

ஓட்டத்தோடு சாய்வாக இறங்கினேன்.
நடு ஆற்றில் கியர் மாற்றக்கூடாது, மனதையும்.
கதவிடுக்கில் தண்ணீர் வந்து செருப்பைத் தேடியது.
டாக்டர் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டார்,
தலை கூரையில் இடிக்க.

அக்கரை.
ஐஸ் பாதி கரைந்திருந்தது, பாதி போதும் என்றார்.
பென்சிலை எடுத்தேன்.
ஆற்றில் எதுவும் உடையவில்லை.
எழுதக் கை வரவில்லை. நம்பிக்கையும் வரவில்லை.
ஈரக் கல்மேல் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் பார்த்தேன்.

கியர்பெட்டி மூலையில்
ஒரு சொட்டு எண்ணெய், விழலாமா என்று யோசித்தபடி.
அப்பாடா என்றிருந்தது.