க இருக்கும் இடம்

கீரன் என்று பெயர் வைத்தோம்.
நாலரை வயதில் அவன் தன்னைத்
தீரன் என்றே சொல்லிக்கொண்டான்.
அதுவும் நல்ல பெயர்தானே, என்றார்கள் எதிர்வீட்டில்.
சைதாப்பேட்டையில் பஸ் ஏறி
"திண்டி ஒண்ணு" என்று காசை நீட்டியபோது
கண்டக்டர் சிரித்தார்:
"பஸ்ல அதெல்லாம் விக்கிறதில்ல கண்ணு."
நானும் சிரித்துவிட்டேன்.
இறங்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆலந்தூரில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
வியாழன்தோறும் நாலரை மணி.
ஷகீரா மிஸ் அவனைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துத்
தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்ப்பார்,
நாக்கு தானாக உள்ளே சரியட்டும் என்று.
நுனி எழாமல் ஐஸ் குச்சியால் மெல்ல அழுத்தி,
"இருமு. இப்ப இருமின இடத்துலேர்ந்து சொல்லு."
குச்சியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது நாக்கு.
த, என்றான் ஃபேனைப் பார்த்து.
த.
த.

வீட்டில் இரண்டு பேரும் தண்ணீர் வைத்துக் கொப்பளித்தோம்.
முப்பத்தி நாலு வருஷமாய் என் வாயிலேயே இருந்த க
எங்கே இருக்கிறதென்று அப்போதுதான் தேடினேன்.
கம்பெனியில், மெஷின் சத்தத்துக்குள்,
காலர் தைத்தபடி க க க என்று சொல்லிப் பார்த்தேன்.
தண்ணி குடி, என்றாள் பக்கத்து மெஷின் ஜெபமணி.

அமாவாசைக்கு இவர்
மொட்டைமாடிச் சுவரில் சோறு வைத்தால்
பையன் வானத்தைப் பார்த்துக் கத்துவான்:
தாத்தா! தாத்தா!
அவன் கூப்பிட்டது காக்காவைத்தான்.
மிஸ்ஸின் அட்டையில் முதல் படமே அதுதான்.
இவருக்கும் தெரியும்.
தெரிந்தும், ஒவ்வொரு முறையும்
கையில் ஒட்டிய சோற்றோடு அப்படியே நிற்பார்.
மாமனார் போனது
இவன் பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பு.

பதினாறாவது வியாழன். மழை.
படியெல்லாம் செருப்புச் சேறு.
ஜன்னலுக்கு வெளியே கேபிள் ஒயரில்
நனைந்தபடி ஒன்று வந்து உட்கார,
கா, என்றான்.
குச்சி இல்லை, கண்ணாடி இல்லை.
காக்கா.
மிஸ்ஸின் பேனா உருண்டு விழுந்தது,
யாரும் எடுக்கவில்லை.

அப்புறம் வீடு முழுக்க க.
தண்ணி கண்ணியானது. தோசை கோசை.
கீழ்வீட்டுத் தம்பி கம்பி.
புதுசா வந்தது எல்லா இடத்துலயும் உக்காந்து பாக்கும்,
தானா அடங்கும் என்றார் மிஸ்.

அடுத்த அமாவாசை.
இவர் சோற்றை உருட்டி வைத்துவிட்டார்.
கூப்பிடுகிறவனைக் காணோம்.
இறங்கி வந்து பார்த்தால், கூடத்தில்,
சந்தன மாலை போட்ட படத்துக்கு நேராக
விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.
காக்கா, என்கிறான்.
சுத்தமாக, தொண்டையிலிருந்து.

திருத்த வாயெடுத்தேன்.
இவர் வேண்டாம் என்று கை காட்டினார்.