சனிக்கிழமை நடைக்கான குறிப்புகள்

ஏழரைக்குத் தொடங்கினால்
பத்துக்குள் முடித்துவிடலாம்.
பன்னிரண்டு பேர். அதற்கு மேல் வேண்டாம்.
பதின்மூன்றாவது ஆள் எப்போதும்
ஒழுங்கை வளைவுக்கு அப்பால் நின்று
எதையோ படம் பிடித்துக்கொண்டிருப்பார்.

கொம்பனித்தெரு ரயில் நிலையத்தில் கூடுவது.
முதல் வாக்கியம் எழுதி, அடித்து, எழுதி
இப்போது இப்படி நிற்கிறது:
"ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு அடிமைத்தீவு என்று பேர்.
தமிழில் கொம்பனித்தெரு.
எந்தப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டீர்கள்?"
டெரன்ஸ் சொல்கிறான்,
காலை ஏழரைக்கு இது கனம்,
முதலில் கழிவறை எங்கே என்று சொல்.

சரிதான்.
ஆண்களுக்குப் பள்ளிவாசலில் சொல்லியாயிற்று.
பெண்களுக்கு மிஸ்ரியாவின் தையற்கடைக்குப் பின்னால்.
தலைக்கு ஐம்பது ரூபாய் கேட்டாள்.
"பாக்கிறதுக்கு இங்க என்ன ஈக்கி?" என்றும் கேட்டாள்.
ஐம்பதுக்கு உடன்பட்டேன்.
மற்றதற்குப் பதில் இன்னும் தயாரில்லை.

தூரம் இரண்டு கிலோமீற்றர் கூட வராது.
அலைபேசி இருபத்தாறு நிமிடம் என்கிறது.
அலைபேசிக்கு முழங்கால் கிடையாது.
ரயில் கடவையில் அது காத்து நிற்பதில்லை,
பிளேன்டீ ஆறும்வரை ஊதுவதில்லை,
கம்பியில் காயும் சாரங்களின் கீழே குனிவதில்லை.
சாரங்களுக்காக ஒரு விதி எழுதினேன்:
உடுப்புக் காயும் இடத்தில் குரலைத் தாழ்த்துக.
திறந்த கதவுக்குள் பார்க்காதே.
உள்ளிருந்து யாராவது பார்த்தால்
தலையை மட்டும் அசை.

பிறகு நிழல்.
நாலு சனிக்கிழமை சுண்ணக்கட்டியோடு அலைந்தேன்.
கோயில் சுவரோரம் எட்டரை வரை.
பேக்கரிக் கூரை எட்டே முக்கால் வரை.
அதன்பின் ஒழுங்கை முழுக்க வெயில்,
தாச்சியில் ஊற்றிய அப்பம் மாதிரி நாங்கள்.
ஒரேயொரு பெரிய நிழல் மிச்சம்,
நாற்பது மாடிக் கோபுரத்தினுடையது.
ஒன்பதே காலுக்கு அது
தகரவேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து
முழுக் குழுவுக்கும் போதுமாகப் படுத்துக்கொள்கிறது.
தையில் ஓரிடம், வைகாசியில் வேறிடம்.
ஆனால் வரும்.

ஆகவே அங்கேதான் ஆறாவது நிறுத்தம்.
அந்தக் கோபுரம் எழும்ப
எந்த வீடுகள் விழுந்தன என்பதை
அதன் நிழலில் நின்றுதான் சொல்லவேண்டும்.
வெயிலில் நின்று சொன்னால்
யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒத்திகைக்கு ஐந்து பேர்.
ரொய்ஹானா சல்டீன் அழைக்காமல் வந்தவள்.
இப்போது தெமட்டகொடையில் பதினோராம் மாடி,
லிப்ட் ஓடும் நாட்களில் மட்டும் வெளியே.
நான் ஆண்டைச் சொன்னேன், ஏக்கரைச் சொன்னேன்,
நட்டஈட்டுக் கடிதத்தின் இலக்கத்தையும் சொன்னேன்.
டெரன்ஸ் கொட்டாவியைக் குடையால் மறைத்தான்.

அவள் காவற்காரனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு
தகரத்தில் விட்டிருந்த வழியால் உள்ளே போனாள்.
கார் நிறுத்தும் தார்வெளி. வெள்ளைக் கோடுகள்.
பின்னால் போனோம்.
ஓரிடத்தில், திரும்பாமலே சொன்னாள்:
"இங்க படி ஒண்டு ஈக்கி.
காலத் தூக்கி வைங்க."

தூக்கி வைத்தோம்.
டெரன்ஸும், குடையை மடக்கிக்கொண்டு.
எங்களைக் கண்காணிக்க வந்த காவற்காரனும்
கொஞ்சம் தயங்கி,
சப்பாத்தை உயர்த்தி வைத்தான்.

ஒவ்வொரு சனியும் வாருங்கள், காசு தருகிறேன் என்றேன்.
"ஒருக்கா சரி" என்றாள்.
"கிழமைக்குக் கிழம அந்தப் படி ஏறேலா எனக்கு."
நூற்று முப்பத்தெட்டு வருகிறதா என்று
ரோட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

தாளில் இப்போது இருப்பது:
ஆறாவது நிறுத்தம். ஒன்பதே கால். நான்கு நிமிடம்.
பதினேழாம் கோட்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே.
சொல்லவேண்டியது என்ற கட்டம்
மூன்று முறை அழித்ததில்
தாள் மெலிந்து பின்பக்கம் தெரிகிறது.

பின்பக்கத்தில்:
மிஸ்ரியா கடை திறப்பாளா,
வெள்ளி பின்னேரம் கேட்கவும்.