நாள் தெரியாத முட்டைகள்

நரி விட்டுப்போன கூட்டில்
எட்டு முட்டைகள் கிடந்தன, இன்னும் சூடாக.
கம்பளித் தொப்பியைக் கழற்றி அதில் அள்ளினேன்.
யாருடைய வாத்து என்று
ஃபிரீஸ்லாந்தின் இந்தக் கால்வாயோரம்
ஒருவருக்கும் தெரியவில்லை.
எத்தனை நாள் அடையில் இருந்தது என்பதும்
அதனோடு போய்விட்ட கணக்கு.

வோபே தன் பழைய பொரிப்புப் பெட்டியை
மிதிவண்டியில் கட்டிக் கொண்டுவந்தான்.
மூடியின் விரிசலில் ஒட்டுநாடா.
"முப்பத்தேழரை டிகிரி. தண்ணீர்த் தட்டு காயக் கூடாது.
முக்கியமாக, உன் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்"
என்றான்.
பாலத்தைத் திறந்து மூடுவது என் வேலை.
படகு கேட்டால் திறப்பேன்.
கேட்ட பிறகு சும்மா இருந்து பழக்கமில்லை.

ஐந்து, தாமாகவே வந்தன.
ஒரு கொத்து. பிறகு நெடுந்தூக்கம்.
நான் தேநீர் போடத் திரும்பிய நேரம் பார்த்து
ஓட்டைச் சுற்றி ஒரே வெட்டு,
தகர டப்பா திறக்கிற மாதிரி.
என்னைப் பார்த்தன. பிடிக்கவில்லை போலும்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கின.

ஆறாவது கத்தியது.
கேட்டுவிட்டதே!
நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன், சவ்வை இழுத்தேன்,
நூலளவு சிவப்பு.
அந்த நூல் நிற்கவேயில்லை.
மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்து முடிக்காத குஞ்சு
என் உள்ளங்கையில் இரண்டு முறை வாய் திறந்தது.

அதனால் ஏழாவதைத் தொடவில்லை.
சட்டைப்பையில் கை.
ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல்.
சவ்வு காய்ந்து, பழுப்புத் தாளாகி,
உள்ளே இருந்ததை இறுகச் சுற்றிக்கொண்டது.
பிரித்துப் பார்த்தபோது
அலகு வாசலிலேயே இருந்தது.

எட்டாவதில் துளை விழுந்தது புதன் மாலை.
வியாழன் நள்ளிரவு ரிக்ஸ்டைக் கூப்பிட்டேன்.
பாலாடைக்கட்டி ஆலையில் அவளுக்கு இரவுப் பணி.
"மூச்சு விடுகிறதா?"
"விடுகிறது."
"வாயை மெல்லுகிறதா?"
"மெல்லுகிறது."
"அப்படியானால் உள்ளே இன்னும் வேலை இருக்கிறது.
மெல்லுவது நிற்கட்டும்."
"நின்றால்? வேலை முடிந்ததா, உயிர் முடிந்ததா?"
எந்திரங்களின் இரைச்சல்.
"அது எனக்கும் தெரியாது, ஊனெ."

ஒன்றரைக்கு நின்றது.
காதுப் பஞ்சுக்குச்சி, வெதுவெதுப்பான நீர்.
வெள்ளைச் சவ்வை நனைத்தேன், கண்ணாடியானது.
கைவிளக்கில் ஒரு நாளம், சிவப்பு.
பெட்டியை மூடினேன்.
இரண்டரைக்குத் திறந்தேன். வெளிறியிருந்தது,
உண்டா இல்லையா என்கிற அளவில்.
மூடினேன்.
மூன்றே முக்காலுக்கு, இல்லை.
அலகைச் சுற்றி ஒரு நாணய அகலம்
குறுநொய் குறுநொய்யாகப் பெயர்த்தேன்.

அப்போதுதான் வானொலியில் ஒரு குரல்.
சரளைக்கல் ஏற்றிய படகு, பாலத்தின் முன்னால்.
ஒரு நிமிஷம் என்றேன்.
தலை வெளியே வந்தது, ஈரமாய், கோபமாய்.
மீதி ஓடு அதனுடையது, விட்டுவிட்டேன்.
"உங்கள் நிமிஷம் ரொம்ப நீளம்" என்றது வானொலி.
குஞ்சு இளைப்பாறியது,
உறக்கப்பையிலிருந்து எழ மனமில்லாதவன் மாதிரி.
உதைத்தது.
நானும் உட்கார்ந்த இடத்தில்
ஒரு காலை நீட்டியிருந்தேன்.
இன்னொரு உதை.
பிறகு போய்ப் பொத்தானை அழுத்தினேன்.
சாலை நடுவில் பிளந்து
மெல்ல, மிக மெல்ல, எழுந்து நின்றது.

வளைந்த காலுக்கு ஒட்டுநாடாவில் கட்டு.
நடக்குமா, பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் எழுதினேன்,
தாமதம்: பதினோரு நிமிடம்.
அடுத்த கட்டம், காரணம்.
பேனா நெடுநேரம் நின்றது.
அன்றிரவு கால்வாயில்
ஒரு நாணல்கூட அசையவில்லை.
காற்று என்று எழுதினேன்.