குண்டு போன வழி

அல் ஐனுக்கு வெளியே சுடும் கிளப். திங்கள், விடுமுறை.
மேசையில் பதினெட்டு ரைபிள்கள்,
காகித வட்டங்களை மட்டுமே காயப்படுத்தியவை.

லோக் பகதூர் புன் சொல்லித் தருகிறான்,
என்னைவிட ஒன்பது வயது இளையவன்.
அறை காலியா, விரலை விட்டுப் பார்.
பிறகு போல்ட்டை உருவு.
பின்பக்கமிருந்துதான் கோலை விட வேண்டும்,
குண்டு போன வழியே.
வாய்ப்பக்கம் குத்தினால் விளிம்பு தேயும்.
குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அது,
அங்கே மயிரிழை போனால்
ஐம்பது மீட்டரில் ஒரு விரற்கடை போகும்.

தலையாட்டினேன்.
வேண்டுமென்றே வாய்ப்பக்கம் கோலை வைத்தேன்.
ஐயோ, என்று பாய்ந்து பிடித்தான்.
நல்லது. தெரியாதவன் என்று பதிந்துவிட்டது.

விண்ணப்பத்தில் நான் தையல் மெஷின் திருத்துகிறவன்,
வவுனியா, பதினொரு வருட அனுபவம்.
பொய்யில்லை.
மற்ற ஏழு வருடத்துக்குத்தான்
படிவத்தில் கட்டம் இல்லை.

கரைசலில் நனைத்த முதல் துணி கறுப்பாய் வந்தது, மருந்துக்கரி.
அடுத்தது சாம்பல்.
பத்து நிமிடம் ஊறட்டும் என்று டீ ஊற்றினான்.
மூன்றாவது துணி நீலம், மயிற்கழுத்து நீலம்:
குண்டின் செப்புச் சட்டை
குழலுக்குள் உரித்துப்போட்ட தோல்.
நீலம் நிற்கும்வரை நிறுத்தாதே.
பிரஷை நடுவழியில் திருப்பாதே, முழுசாய் வெளியே வரட்டும்.
எண்ணெய் பூசியதே தெரியக்கூடாது,
இந்த ஊர் மணல்
எண்ணெயைக் கண்டால் குடியேறிவிடும்.

அங்கே கரைசல் இல்லை.
கொதிநீர், கிழித்த சாரம்,
சில நாள் தேங்காயெண்ணெய்.
மணலுக்குப் பதில் சேறு.
துவக்கு என்ற சொல்லையே
இங்கே நான் வாயைவிட்டு வெளியே விடுவதில்லை.

ஏழாவது ரைபிளில் அவனுக்குப் போன் வந்தது.
பேசிவிட்டுத் திரும்பியபோது
கண்ணை மூடியபடி போல்ட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன்,
விரல்கள் தம்பாட்டில்.
கதவடியில் நின்றான்.
ஏசி ஓடும் சத்தம்.
தையல் மெஷினும் இப்படித்தானா, என்றான்.
பாபின் மாற்றுவதுதான் கஷ்டம், என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.
எட்டாவதன் போல்ட்டை உருவி
பேரலை ஜன்னலுக்கு நேரே பிடித்து எட்டிப் பார்த்தான்.
பார், என்று எனக்குத் தந்தான்.
உள்ளே ஆறு வரிகள் முறுக்கிக்கொண்டு
ஒரு பொட்டு வெளிச்சத்துக்குப் போயின.

ரோல்பாவில் என் அக்காவும்
கண்ணை மூடித்தான் பூட்டுவாள், என்றான்,
பேரலிடம் சொல்வதுபோல.
டீ ஆறியிருந்தது.
பிறகு, ஸ்டார்ட், என்றான்.

அதற்கும் எங்கள் மொழியில் அதே சொல்தான்.
சொல்லவில்லை.
ஒரு துணித்துண்டை எடுத்தேன்,
பின்பக்கமிருந்து.