டிசம்பரைக் கேட்பதில்லை

நிழல் வரைவது என் தொழில்.
மார்ச் இருபத்தொன்று, செப்டம்பர் இருபத்தொன்று,
காலை ஒன்பது பதினெட்டிலிருந்து
மணிக்கு ஒரு படம்.
இன்னும் கட்டாத மாடிகளின் நிழலை
அயல் வீடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் விரிப்பேன்.
ஸ்கார்பரோவில் மட்டும் நூற்றுநாற்பது கூரைகள்.
எல்லாத் தாளின் அடியிலும் ஒரே வாசகம்:
அயலுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.

பெப்ரவரியில்
தெற்குப் பக்கத்து வீட்டின் முன்பனியில் பலகை நட்டார்கள்.
உயரம்: அனுமதி ஒன்பது மீட்டர்,
கேட்பது பத்து புள்ளி மூன்று.
நீளம்: அனுமதி பதினேழு, கேட்பது இருபது.
மேலே தடித்த எழுத்தில்: சிறு விலக்கு.

ஃபரிபோர்ஸ் வேலிக்கு மேலால் சொன்னார்,
தம்பி குடும்பம் வருகிறது, ஐந்து பேர் என்று.
கூடவே ஒரு பொதி பிஸ்தா.
வாங்கிக்கொண்டேன்.
பிஸ்தா முடியும் முன் ஆட்சேபக் கடிதம் எழுதினேன்.

டிசம்பரில் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை
என் சாப்பாட்டு மேசையில் வெயில் விழும்.
அதற்காக இந்த வீட்டை வாங்கினோம் என்றால் பொய்.
விற்காமல் இருந்தது அதற்காகத்தான்.

சூரியன் தாழ்ந்து போகும் மாதம் அது.
நண்பகலில்கூடப் பத்து மீட்டர் வீடு
இருபத்துநாலு மீட்டருக்கு நிழலை நீட்டும்.
ஒன்று புள்ளி மூன்று மீட்டர் விலக்கு
தரையில் மூன்று மீட்டர் இருள்.
ஆனால் படிவம் மார்ச்சைக் கேட்கும், செப்டம்பரைக் கேட்கும்.
டிசம்பரைக் கேட்பதில்லை.
நானும் எவருக்கும் வரைந்து கொடுத்ததில்லை.

விசாரணை கணினித் திரையில்.
கோப்பு எண் பதினாலு, எனக்கு ஐந்து நிமிடம்.
முன்னால் ஒருவர் கார்க் கொட்டகைக்காக அழுதார்.
ஐந்தாம் வீட்டு ஒலிவியேரா அம்மா
தக்காளிப் பாத்தியைப் பற்றிக் கதைத்து முடிக்கவில்லை,
ஒலியை அணைத்தார்கள்.
நான் டிசம்பர் படத்தைக் காட்டினேன்.
குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

அப்போது எதிர்த்தரப்பு முகவர்,
சாந்தமான பையன்,
பழைய அறிக்கை ஒன்றைத் திறந்தான்.
இதே தெரு, நாற்பத்தோராம் இலக்கம், இதே உயரம்.
நிதானமாக வாசித்தான்:
அயலுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.
கீழே என் கையொப்பம்.
'ண'வின் சுழி கொஞ்சம் பெரிதாக.

மூன்றுக்கு ஒன்று.
சிறியது என்று தீர்மானித்தார்கள்.
நிபந்தனை: மேப்பிள் மரத்தின் வேரைக் காக்கவேண்டும்.
என் பக்க ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி.

மேல்முறையீட்டுக்குப் போன் எடுத்தேன்.
விண்ணப்பக்காரர் செய்யலாம், நகரசபை செய்யலாம்,
நீங்கள் அயலவர்தானே, என்றாள் எழுத்தர்.
முன்பு முடிந்ததாம். சட்டம் மாறிவிட்டதாம்.
நல்ல குரல். குளிருக்குக் கவனம் என்றாள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
அது வெயில் மலிந்த ஊரின் கணக்கு.
குடைநிழல், அடிநிழல் என்று
தஞ்சம் கேட்ட இடத்திலெல்லாம் நிழலைப் போட்ட மொழியில்
நிழலுக்கு எதிராக ஒரு மனு எழுத
சொல் தேடித் தேடிக் களைத்து
கடைசியில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.
இதை மட்டும் தமிழில்.

அடுத்த டிசம்பர் இருபத்தொன்று.
அங்கே மேல்மாடியில் யாரோ பிள்ளை
கட்டிலில் குதிக்கிற சத்தம்.
நான் என் மேசையில்
படத்தில் கணக்கிட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டு
மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

பன்னிரண்டு பதினெட்டு.
நிழல் வந்து கோட்டில் நின்றது.
ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

சொல்ல வெட்கம்தான்,
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.