ஏழாம் மேசை

பிப்ரவரியில் துலூத்தில் ஏரி நடக்கிற தரையாகிவிடும்.
உள்ளே வருகிறவர்கள் முதலில் மூக்கைத் துடைப்பார்கள்,
பிறகு கோட்டு, அதற்குள்ளே இன்னொரு கோட்டு,
கழற்றி முடிப்பதற்குள் நான் தண்ணீர் வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை. மீன் வறுவல். ஏழாம் மேசையில் மூவர்:
அம்மா, கல்லூரி விடுப்பில் வந்த மகள்,
காகித விரிப்பில் திமிங்கிலத்துக்குப் பல் வரையும் பையன்.

அம்மா ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் கேட்டாள்.
மகள் லெமனேட்.
கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன்,
அவள் கேட்டது வெறும் லெமனேட்.

ஆனால் எங்கள் முதலாளி டுவைட்
ஒரு தடவை அபராதம் கட்டி நொந்தவர்.
மேசைக்கு மது போனால் அங்கே
முப்பதைத் தாண்டாத முகமெல்லாம் அட்டை காட்ட வேண்டும்,
குடித்தாலும் குடிக்காவிட்டாலும்.
அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு.

கேட்டேன்.
"எனக்குமா? உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்"
என்று அம்மா சிரித்தாள்.
இடது கன்னத்தில் மட்டும் குழி.
மகள் பேச்சை நிறுத்தவேயில்லை,
பேசிக்கொண்டே போன் உறையின் பின்னாலிருந்து
ஒன்றை உருவி நீட்டினாள்.
கைப்பழக்கம்.
எதிரே உட்கார்ந்திருப்பது யாரென்று
விரல்கள் பார்ப்பதில்லை.

கொரின் ஹாக். வட டக்கோட்டா, பார்கோ.
வயது இருபத்துநான்கு.
ஐந்தடி ஒன்பது அங்குலம். பச்சைக் கண்.

நான் நிமிர்ந்தேன். அவளும் அப்போதுதான்.
திருப்பிக் கொடுத்திருப்பேன், சத்தியமாக.
"இன்னொன்று இருக்குமே" என்று வாயெடுத்துவிட்டேன்.
பதினெட்டு வயதில் எனக்கும் ஒரு பெயர் இருந்தது,
சித்தி மகளின் பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால்
இன்றைக்கும் பாதி திரும்புவேன்.

அதற்குள் பையன் எட்டிப் பார்த்தான்.
"மேரன், உனக்குப் பழுப்புக் கண்தானே?"

அம்மா கையை நீட்டினாள்.
கண்ணாடி போடாமல், அட்டையைத் தள்ளிப் பிடித்து
மருந்துச் சீட்டைப் போல் வாசித்தாள்.
கத்தப் போகிறாள் என்று
ஒயின் கிளாஸ் வைக்க வேண்டிய இடத்தை
மனதுக்குள் காலி செய்தேன்.

"கொரின்," என்றாள்.
"பார்கோவில் வாடகையெல்லாம் எவ்வளவு?"

மகள் திமிங்கிலத்தைப் பார்த்தாள்.

"உனக்கு அம்மா இருக்கிறாளா?
ஞாயிற்றுக்கிழமை அவளுக்காவது போன் போடுகிறாயா?"

"அம்மா."

"நான் கொரினிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்."

மேரன் மூக்கால் சிரித்தாள்.
பாதியில் அது சிரிப்பாக இல்லை.
பையன் தன் நாப்கினை அவள் பக்கம் தள்ளினான்,
அதில் ஏற்கெனவே தக்காளிச் சாஸ்.

மன்னிக்கணும், இதை நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.
"எடுத்துக்கொள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது."
அப்படியானால் ஒயின்?
"கொண்டு வா," என்றாள். "முன்பு ஆசைக்குக் கேட்டேன்."

பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.
ரொட்டி வைக்கப் போனபோது வாடகையைப் பற்றித்தான் பேச்சு,
நிஜமான அறையின் நிஜமான வாடகை,
யாரோ கட்டாமல் விட்ட இரண்டு மாதம்.
ஒயின் அப்படியே இருந்தது.

இரவு கணக்கு முடித்துக் கல்லாவின் அடித்தட்டைத் திறந்தேன்.
ஒரு ரப்பர் பேண்டுக்குள் பதினோரு பேர்.
ஒருவர்கூடப் பிறந்ததில்லை,
எல்லோருக்கும் வயது வந்துவிட்டது.
கொரினைப் பன்னிரண்டாவதாகச் செருகினேன்.
பெயர் பொய். ஊர் பொய். கண் பொய். உயரத்தில் மூன்று அங்குலம் பொய்.
படத்தில் லேசாகச் சிரிக்கிறாள்,
இடது கன்னத்தில் மட்டும் குழி.

தட்டு இன்று மக்கர் செய்தது.
மூட இரண்டு தடவை தள்ள வேண்டியிருந்தது.